பிடிக்கிறவன் சொல்ல வேண்டியது

1968, ஆடி முதல் வெள்ளி. திருவள்ளூர்.

விளக்கேற்றிச் சுலோகம் சொல்லியும் கோபம் அடங்கவில்லை.

எங்கள் சர்க்கஸில், உயரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவுகிற பார் ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே தலைகீழாகத் தொங்கிப் பிடிக்கிறவன்தான், தன்னிடம் தாவி வருகிற ஆளைத் தேர்ந்தெடுப்பான். மாமனார் முதலாளியாக இருந்தபோதும் அதில் தலையிட்டதில்லை. இப்போது முதலாளியான என் வீட்டுக்காரரோ, இத்தனை வருஷம் தாவிய கனகாவுக்கு வயதாகிவிட்டது, ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்குப் புதுப்பெண் ரீட்டாதான் தாவுவாள் என்று காலையில் அறிவித்துவிட்டார்.

"ஜனங்க இப்போ சினிமா மூஞ்சிதான் கேக்கறாங்க. உனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

வசூல் கணக்கு எழுதுகிறவள் நான். கூட்டம் குறைந்தது எனக்குத் தெரியாதா?

பிடிக்கிற அந்தோணியாவது மறுப்பான் என்று நம்பினேன். "மொதலாளியே சொல்லிட்டாரு, நான் இன்னா பண்றது அண்ணி?" என்று பீடியைப் பற்றவைத்தான். இவர்மேல் இருந்ததைவிட அவன்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

ரீட்டா ஒத்திகைக்கு ஏணியில் கால் வைத்தாள். "இருடி. பிடிப்பானான்னு அவனையே கேட்டுட்டு ஏறு" என்றேன்.

"அண்ணா, என்னைப் புட்ச்சிடுவே இல்ல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

ராத்திரி இவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி" என்று கத்திவிட்டுப் படுத்திருக்கிறார். படுக்கட்டும். முகம் வேண்டுமாம், முகம். அவள் விழுந்தால் அந்த முகத்தை அவள் அம்மாவிடம் யார் கொண்டுபோய்க் காட்டுவது? இவரா?