பானையில் நான் போட்ட பாட்டரி

அன்பு மகள் அம்போமாவுக்கு, குமாசியிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல நம் சபை உபதேசியார் ஒபெங் எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம், உன் சுகமும் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளையின் சுகமும் மருமகன் பிரெம்பேயின் சுகமும் தெரிந்தால் முழங்காலும் சரியாகிவிடும். ஜெர்மனியில் பனி கொட்டுகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே மழை நல்ல மழை, கோழி பதினொரு குஞ்சு பொரித்தது, உன் அம்மா அதில் ஒன்றுக்கு உன் நாத்தனார் பெயரை வைத்திருக்கிறாள், ஏன் என்று கேட்காதே.

முக்கியமான சேதிக்கு வருகிறேன், இதைப் படித்து முடிக்கும்வரை அடுப்பில் எதையும் வைக்காதே. போன புதன்கிழமை சுகாதார ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர் சந்தைக்கு வந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைச் சமையல் பானைகள்மேல் வைத்துப் பார்த்தார்கள். கனமான பானைக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டு, நம் வார்ப்புப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையில் எல்லாரையும் முந்திவிட்டாள். கருவியைப் பார்த்த பெண்ணின் முகம் மாறிவிட்டது. இதில் காரீயம் நிறைய இருக்கிறது, தக்காளி சூப்பும் பனங்காய் சூப்பும் கொதிக்கும்போது புளிப்பு அதை இழுத்துக்கொண்டு வரும், இரவு முழுக்க உள்ளேயே வைத்தால் இன்னும் மோசம், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் தொடவே கூடாது, பிள்ளையின் மூளைக்கே கெடுதல் என்றாளாம். உன் அம்மா விடுவாளா? “உங்க துப்பாக்கிக்குத்தான்டி கண்ணு தெரியல, பக்கத்துக்காரி பானையை வெச்சுப் பாரு” என்றாளாம். வைத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உன் ஞாபகம் வந்து, “இதோட ஜோடி என் பொண்ணுகிட்ட இருக்கே” என்று சந்தை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். பானை வார்த்த இஸ்ஸாகா ஏமாற்றிவிட்டான் என்றேன். மூன்று நாள் அப்படியே சொன்னேன். ஆனால் மகளே, எனக்குப் படிப்பு இல்லை, மறதியும் இல்லை. உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை, தூறல், இஸ்ஸாகாவின் உலைக்கு நானே ஒரு தள்ளுவண்டி காயலான் சாமான் கொண்டு போனேன். லாரி பிஸ்டன் நாலு, பள்ளிக்கூட ஜன்னல் சட்டம் இரண்டு, என் தம்பியின் மினிபஸ் ரேடியேட்டர், அதன் பழைய பாட்டரியின் காரீயத் தகடுகள். “பெரியவரே, இது சோறாக்குற பானை, பாட்டரி வேணாம்” என்று இஸ்ஸாகா தகடுகளைத் தனியே எடுத்து வைத்தான். நான்தான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு அத்தைகள் கல்யாணப் பானையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, “பெண்ணைப் பெத்தவங்க தொப்பி குடுத்திருக்காங்கடி” என்று கேலி பண்ணுவார்களே, அந்தப் பயம். அவன் மறுபக்கம் திரும்பியதும் நானே தகடுகளை உலையில் தள்ளினேன். உனக்கு ஒன்று, உன் அம்மாவுக்கு ஒன்று, இரண்டும் அந்த ஒரே உருக்கில் வந்தவை. அத்தைகளால் அசைக்கக்கூட முடியவில்லை, நான் மீசையை முறுக்கினேன். நீயும் உன் துணிமணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதை விமானத்தில் கொண்டு போனாய்.

இதைச் சொன்னதும் உன் அம்மா, “மனுஷா, உன் மீசையையும் அதுல போட்டு உருக்கியிருக்கலாம்” என்றாள். பயப்படாதே, எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், காரீயம் இருக்கிறது, ஆனால் அந்தப் பானையை விட்டால் மெல்லக் குறையும் என்றார்கள். நீயும் தாமதிக்காமல் போய் ரத்தம் காட்டு, வெட்கப்படாமல் டாக்டரிடம் என் அப்பா பானையில் பாட்டரி போட்டார் என்றே சொல். பானையை யாருக்கும் கொடுத்துவிடாதே, காயலானுக்கும் போடாதே, அது இன்னொருத்தி வீட்டுப் பானையாகிவிடும். இங்கே இஸ்ஸாகாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, அம்மா பானையின் அடியில் ஓட்டை போடச் சொன்னேன், “அன்னைக்கே சொன்னேனே பெரியவரே” என்று சிரித்துக்கொண்டே போட்டான். இப்போது அதில் குடைகள் நிற்கின்றன. புது எவர்சில்வர் பானையில் சூப் வைத்தால் காற்றில் பறந்துவிடும் என்று அவள் முனகுகிறாள், ஆனால் இரண்டு கிண்ணம் குடிக்கிறாள்.

நீ பிறந்த எட்டாம் நாள் உன் நாக்கில் தண்ணீரும் சாராயமும் தொட்டு வைத்து, தண்ணீரைத் தண்ணீர் என்றே சொல், சாராயத்தைச் சாராயம் என்றே சொல் என்று உனக்குப் பெயரிட்டவன் நான். அதனால்தான் இதை மறைக்க முடியவில்லை. உன் பிள்ளைக்கு அங்கே யார் தொட்டு வைத்தாலும், அந்தத் தண்ணீர் புதுப் பாத்திரத்திலிருந்து வரட்டும். முன்னோர்கள் உன்னைச் சுகமாகப் பிரசவிக்க வைப்பார்கள். ரத்தம் காட்டியதும் போன் பண்ணு, அதுவரை எனக்குச் சூப் இறங்காது.

இப்படிக்கு, பாட்டரி போட்ட உன் அப்பா,
அட்டா பொன்சுவின் பெருவிரல் ரேகை.