எலிக்குக் கிடைத்த ஓய்வு

மச்சான்,

இன்று காலை கரையில், வலை வைக்கிற வாடிக் கொட்டிலில், பொறியில் விழுந்த எலியைக் கூட்டோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். அதைக் காப்பாற்ற நான் போகவில்லை. வலையைக் கடிக்கிற சாதி. ஆனால் கம்பிகளுக்குள் அது நீந்திய விதத்தைப் பார்த்ததும் நீ ஞாபகத்துக்கு வந்தாய். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

பல வருசத்துக்கு முன் அன்று, காய்ச்சல் விட்ட கையோடு நீ கரைவலை இழுக்க வந்தாய். உதடு வெளுத்திருந்தது.

"நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குது மச்சான்" என்றாய்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சிரித்தார். "கயித்தப் புடிச்சி வேர்க்க வேர்க்க இழு. மிச்சக் காய்ச்சலும் எறங்கிடும். இழுக்காதவனுக்கு என்ன பங்கு?"

கயிற்றில் கை வைக்காதவனுக்கு மீனில் பங்கில்லை. நம் கரையின் சட்டம் அது. நீயும், "வாயுதான், வேறொண்டுமில்ல" என்று பின்பக்கமாக நடந்து இழுத்தாய். வலை கரையேறுமுன் மணலில் விழுந்தாய். பிறகு எழும்பவேயில்லை. மாரடைப்பு என்றார்கள். முந்திய காய்ச்சலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பேப்பர் வாசித்தே எழுத்துப் பழகிய நான், கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். சில வைரஸ்கள் இதயத் தசைக்குள்ளும் இறங்குமாம். காய்ச்சல் விட்ட பிறகும் அங்கே வீக்கம் இருக்குமாம். அதை அறிய எலிகளுக்கு வைரஸ் ஏற்றியிருக்கிறார்கள். சிலதைச் சும்மா விட்டார்கள், சிலதை நீந்த வைத்தார்கள். நீந்தியவற்றின் இதயம்தான் மோசமாகக் கெட்டது.

இதைக் கேட்கவே டொக்டரிடம் போனேன்.

"எலிக்கு நடக்குறதெல்லாம் மனுசனுக்கு அப்படியே நடக்காது காக்கா" என்றார், அண்ணன் முறை வைத்து. "ஆனா காய்ச்சலுக்குப் பொறகு நெஞ்சு நொந்தா, மூச்சு வாங்கினா, பாரமான வேல செய்யப்படாது. ஒடனே வந்து காட்டணும்."

"இத ஏன் கரைக்கு வந்து ஒருத்தரும் சொல்லல்ல?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உனக்கு வந்ததும் அதுதானா? தெரியாது. எலியின் இதயத்தை வெட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உன் நெஞ்சில் காது வைத்துக் கேட்கக்கூட ஆளில்லை. சும்மா விட்ட எலிக்குக் கிடைத்த ஓய்வு உனக்குக் கிடைக்கவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்றும் ஒருவன் காய்ச்சலால் எழும்பி நேரே கயிற்றுக்கு வந்தான். மூச்சு இரைத்தது. யாரும் இழுக்க முடியாதபடி நான் போய்க் கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். இப்போது சம்மாட்டி, பழையவரின் மகன். நான் சொல்லிச் சொல்லி எலிக் கதை கரைக்கே தெரியும்.

"எலி டொக்டர் வந்துட்டாரு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "எழும்புங்க காக்கா, மீன் போகுது."

"போகட்டும். மொதல்ல இவன ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. பங்கும் உண்டெண்டு சொல்லு. எழும்புறன்."

"இழுக்காதவனுக்கு என்ன பங்கு?"

"ஒங்க வாப்பாவும் இதத்தான் கேட்டாரு. கேட்ட கையோட ஒரு மையத்தத் தூக்கிட்டுப் போய் அடக்கினோம்."

சிரிப்பு நின்றது. அவன் கடலைப் பார்த்தான், வலையைப் பார்த்தான்.

"ஓம், தாறன். எழும்புங்க."

காய்ச்சல்காரனை ஓட்டோவில் ஏற்றி அனுப்பினோம். கயிற்றில் அவன் இடம் வெறுமையாக இருந்தது. இந்த வயதில் நான் போய் அதைப் பிடித்தேன். உள்ளங்கை உரிந்திருக்கிறது, எழுதும்போது எரிகிறது. எரியட்டும் மச்சான். நீ விழுந்த அன்று அந்தக் கயிற்றை உன் கையிலிருந்து ஒருவன் வாங்கியிருக்க வேண்டும்.