நீ விட்டுக்கொடுத்த ஊர்

மாமு,

இன்று காலை பேத்தி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மேலே ஒரு படம், கீழே ஒரு படம். இரண்டிலும் தெரு நிறைய சைக்கிள். தாத்தாவுக்கு சைக்கிள் என்றால் உயிர் என்று எங்கெங்கோ தேடிப் பிடித்திருக்கிறாள். "எனக்கு லீவு கொஞ்சந்தான் தாத்தா. உன்னையும் கூட்டினு போறேன். இது ஆம்ஸ்டர்டாம், இது கோபன்ஹேகன். ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாள்.

நான் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா தாத்தா, புடிக்கலியா?" என்றாள். பிடிக்காமலா? இந்த இரண்டு ஊருக்காக வருஷக்கணக்கில் ஒருத்தனோடு மல்லுக்கட்டியவன் நான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு எழுத வராது, உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள், மாமு பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினேன் நான், நீ சிக்னல்மேன். கப்பலின் அடிவயிற்றில் சரக்கைக் கட்டுகிறவர்கள் என் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மேலே விளிம்பில் குனிந்து நின்று நீ கையை உயர்த்தினால் நான் தூக்குவேன், மூடினால் நிறுத்துவேன். அந்தக் கையைப் பார்த்தபடியே என் வாலிபம் கழிந்தது.

வேலை விட்டால் இருவருக்கும் ஒரே சைக்கிள். நான் மிதிப்பேன், நீ கேரியரில். மாட்டுவண்டி, கைவண்டி, லாரி எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்து நாம் குடியிருந்த கல்மண்டபம் வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். கேரியரில் உட்கார்ந்தும் நீ சிக்னல் கொடுக்காமல் இருக்கமாட்டாய். "லெப்ட்ல ஒடி மாமு! கண்ண மூடிக்கினு வர்றான் பாரு லாரிக்காரன்!" டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடும் காலம். தூரத்தில் தொப்பி தெரிந்ததும் குதித்துவிடுவாய். யாரோ எவரோ போல நடந்து வந்து, அவரைத் தாண்டியதும் மறுபடி தொற்றிக்கொள்வாய்.

ஒரு டென்மார்க் கப்பல் வந்தது. அதன் சமையல்காரன் உனக்கு ஒரு காலண்டர் தாளைக் கொடுத்தான். கோபன்ஹேகன் தெருவாம். கோட்டு போட்ட கிழவர், பாவாடை கட்டிய பெண், கூடையில் குழந்தை, எல்லாரும் சைக்கிளில். நீ வைத்த கண் வாங்கவில்லை. "பாரு மாமு, ஒரு லாரி கீதா? சைக்கிளுக்குன்னே தனியா ரோடு போட்டுக்கீறான்!" அதை வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து உன் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். "மாதா பக்கத்துல காலு தெரியிற பொம்பள படமா? கலீஜு!" என்றாள். "அவ சைக்கிள்ல கோயிலுக்குத்தாமே போறா" என்றாய்.

கொஞ்ச நாளில் ஹாலந்து கப்பல் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு காலி கொக்கோ டப்பா கிடைத்தது. மூடியில் ஆம்ஸ்டர்டாம் கால்வாய் ஒன்று, அதன்மேல் பாலம், பாலத்து ஓரமெல்லாம் சாய்த்துவைத்த சைக்கிள்கள். எத்தனை அழகு! நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "பக்கிங்காம் கால்வா மாதிரி கீது. இத்தப் பாக்கவா கப்பலேறிப் போவே?"

அன்று தொடங்கியது சண்டை. எழுத்தறியாத இரண்டு பேர், ஒருவனுக்கு ஒரு தாள், ஒருவனுக்கு ஒரு மூடி. வெறும் பேச்சும் இல்லை அது. கப்பலுக்கு ஆள் சேர்த்துவிடும் சாரங்கு ஒருவர் கல்மண்டபத்தில் இருந்தார். "ரெண்டு பேரையும் ஒரே கப்பல்ல ஏத்திவுடறேன். அங்க சரக்கு எறக்கற வரைக்கும் ஊரச் சுத்துங்க, வாடகைக்கு சைக்கிள் குடுப்பான். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதை மட்டும்தான் நம்மால் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் நம் கேங்கு முழுக்க இரண்டு கட்சியாய்ப் பிரிந்தது. உன் ஊரில் பனி கொட்டும், கேரியரிலேயே விறைத்துப்போவாய் என்பேன் நான். உன் ஊரில் கால் தவறினால் கால்வாய், எனக்கு நீச்சல் தெரியாது என்பாய் நீ. சாரங்கு தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க முடிவு பண்றதுக்குள்ள கப்பல் துருப்புடிச்சுப் பூடும் நைனா!"

கப்பல்கள் வந்தன, போயின. "போவணும்னா ரெண்டுல ஏதோ ஒரு ஊருக்குப் போவ வேண்டியதுதானே?" என்றாள் உன் மனைவி. "எங்க போறதுன்னு தெரியாம எப்பிடிமே போறது?" என்றாய். அடுத்த கப்பல் இருக்கிறதே என்று நானும் இருந்தேன்.

நிலக்கரிக் கப்பல்களில் நான் தள்ளி உட்கார்ந்து விஞ்சு ஓட்டுவேன். எழும்பும் தூசி முழுக்க குனிந்து நின்ற உன் முகத்துக்குத்தான். முதலில் இருமல் என்றார்கள். பிறகு கேரியரில் நீ உட்காருவதே தெரியாதபடி எடை குறைந்துபோனாய். அப்புறம் ஆஸ்பத்திரி.

ஒரு மத்தியானம் வழக்கமான சண்டையோடு வந்தேன். ஆம்ஸ்டர்டாம் போகிற கப்பல் ஒன்று வரப்போகிறதாம், சாரங்கு சொன்னார் என்றேன். பக்கிங்காம் என்று நீ ஆரம்பிப்பாய் என்று காத்திருந்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"செரி மாமு. உன் ஊருக்கே போலாம்."

எத்தனை வருஷமாய்க் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை! "டேய், அது கால்வாடா. நீதானே சொன்னே?" என்றேன்.

"கால்வான்னா இன்னா, தண்ணிதானே. போலாம்."

அந்த இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து உன் ஊருக்காக நான் வாதாடினேன். தனி ரோடு, லாரி கிடையாது, பக்கத்திலேயே கடல் என்று நீ சொன்ன ஒன்றைக்கூட விடவில்லை. ஏதாவது சொல்லுடா, எதிர்த்துப் பேசுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீ சிரித்தாய். "இன்னாடா, கட்சி மாறிட்டே?" அவ்வளவுதான்.

மறுநாள் போனேன். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

காசிமேட்டில் உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது சாரங்கு என் தோளைத் தொட்டு, அந்தக் கப்பலில் எனக்கு இடம் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். என் ஊருக்குப் போனால், பிடித்துக்கொள்ள உன் கையில் தெம்பில்லாதபோது பிடுங்கிக்கொண்டது போல. உன் ஊருக்குப் போனால், கடைசியாய் நீ சொன்ன சொல்லைத் தட்டியது போல. எந்தப் பக்கமும் போகாமலே கிழவனாகிவிட்டேன்.

இன்று பேத்தியிடம் கோபன்ஹேகன் என்றேன். "செரி தாத்தா, உன் இஷ்டம்" என்றாள் உடனே. "செரின்னு சொல்லாதடி, சண்ட போடு" என்று கத்திவிட்டேன். பயந்துபோய்ப் பார்த்தாள். அப்புறம்தான் உன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எழுதிக்கொண்டே அழுகிறாள். நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆம்ஸ்டர்டாம்தான் தாத்தா அழகு என்று எனக்காகச் சொல்லிப் பார்க்கிறாள். நல்ல பிள்ளை. அவளுக்குச் சண்டை வரவில்லை.

உன் ஊருக்குத்தான் போகிறேன், மாமு. படுக்கையில் கிடந்து நீ விட்டுக்கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. என்னால் இனி மிதிக்க முடியாது. முன்பக்கம் பெட்டி வைத்த சைக்கிள் அங்கே கிடைக்குமாம், அதில் என்னை உட்காரவைத்து அவள் மிதிப்பாளாம். நீ சொன்ன ரோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்ப்பேன். நல்லாயில்லை என்று குறை சொல்லிக்கொண்டேதான் வருவேன், அதற்குத் தயாராய்த்தான் இருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல நீ இருக்கமாட்டாய் என்பதற்குத்தான், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், நான் தயாராகவில்லை.