தீவு பார்க்கப் போய் மாப்பிள்ளை பார்த்தது

சங்கரன்கோவில்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா செல்லச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை இசக்கித்தாயும் ஆடுகள் ஐந்தும் சுகமாக இருக்கிறோம், அத்தைக்கு வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகமாக இருக்கிறது. அங்கே நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று பதில் எழுது. இந்தக் கடிதத்தை நான் சொல்லி யாரும் எழுதவில்லை, முழுக்க நானே எழுதுகிறேன், மூன்று நாளாக எழுதுகிறேன். முதியோர் வகுப்பு சுமதி டீச்சர் பிழை பார்த்துத் தருகிறேன் என்று கையை நீட்டினார், வீட்டு விஷயம் தரமாட்டேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் இதில் அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எழுத்தில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே படித்திருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மொரீஷியசில் இருபது நாள் உன் வீட்டில் இருந்தேன். உனக்குப் பகலெல்லாம் டூட்டி, பக்கத்துத் தெரு தேவன் வேன் ஓட்டுகிறான், அவன் ஊர் சுற்றிக் காட்டுவான் போங்கப்பா என்று அனுப்பினாய். நானும் அவனை டிரைவர் என்றுதான் நினைத்துச் சுற்றினேன். கடைசி நாள் ஏர்போர்ட்டில் என் பையைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, அப்பா, தேவனை நான் கட்டிக்கிடட்டுமா, இப்பச் சொல்ல வேண்டாம், ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லுங்க என்று உள்ளே தள்ளிவிட்டாய். ஏட்டி, மாப்பிள்ளை பார்க்கப் போகிறவனிடம் இதுதான் மாப்பிள்ளை என்று முதலிலேயே சொல்ல வேண்டாமா? நான் தீவை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஊருக்கு வந்து, பார்த்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்து, அங்கே அவன் எந்த ஓரத்தில் நின்றான், என்ன செய்தான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் ஒரு பெரிய தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். பாம்பிள்மூஸ் என்று பேர், என் வாய்க்குள் நுழைய இரண்டு நாள் ஆயிற்று. குளம் நிறைய அல்லி இலை, ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி ஓரம் மடிந்து மிதக்கிறது. அத்தை ஏறி உட்கார்ந்தால் தாங்குமா என்று கேட்டேன், அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழே வணக்கம், நல்லாருக்கு, சாப்பாடு, மாமா, இவ்வளவுதான். மாமா என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மற்றதையெல்லாம் செல்போனில் அவன் பாஷையில் சொல்லுவான், உள்ளேயிருந்து ஒரு பெண் செய்தி வாசிக்கிற மாதிரித் தமிழில் சொல்லுவாள். அங்கே ஒரு பனை, நாற்பது அறுபது வருஷம் சும்மா நின்றுவிட்டு ஒரே தடவை பூத்துக் காய்த்துச் செத்துப்போகுமாம், அதை எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். நம்ம ஊர்ப் பனை வருஷம் தவறாமல் நுங்கு தருகிறது, அதை நின்று பார்க்க ஒரு நாதி இல்லை. மழையும் அப்படித்தான், காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று, கேட்க ஆள் இல்லாமல் பெய்கிறது. குருவிகுளத்துப் பக்கம் நம் காட்டுக்கு ஒரு மழை வேண்டி நான் எத்தனை சாமியைத் திட்டியிருக்கிறேன், அங்கே என்னடா என்றால் மழை வந்தது என்று குடையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறார்கள்.

அடுத்து மலை மேல் ஒரு குளம், கங்கா தலாவோ. கரையில் நூற்றியெட்டு அடிக்குச் சிவன் நிற்கிறார். நம் ஊர்க் கோவில் சிலையில் சிவனுக்குப் பாதி உடம்புதான், மீதிப் பாதி பெருமாளுக்குப் போய்விட்டது. அங்கே முழு உடம்போடு ஆகாசம் தொட நிற்பதைப் பார்த்ததும், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து தனி வீடு கட்டிப் போனவர் மாதிரி எனக்குப் பட்டது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். குரங்குகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நம்ம ஊர்க் குரங்கேதான், தேவன் கையில் இருந்த பழத்தைச் சீப்போடு கொண்டுபோயிற்று, அவன் குரங்குக்கும் வணக்கம் சொன்னான். அன்றைக்குத்தான் அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தேன். அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, பிறந்ததிலிருந்து அந்த நோட்டை வைத்திருக்கிறான், வாசிக்கத் தெரியாது. போகிற வழியில் நாலு கடையில் வண்டியை நிறுத்தி, எங்க மாமா வாசிப்பார் என்று அவன் பாஷையில் சொல்லி நோட்டை என் கையில் கொடுத்து வாசிக்க வைத்தான். நாலாவது கடையில் நான் பார்க்காமலே வாசித்தேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது, அவன் சொல்லியிருக்க மாட்டான். சமரேல் என்ற இடத்தில் ஏழு நிறத்தில் மண் கிடக்கிறது, சிவப்பு, காவி, ஊதா, மஞ்சள் என்று மேடும் பள்ளமுமாக, சேலையை உதறிப் போட்ட மாதிரி. சுற்றிலும் மரவேலி. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நாமெல்லாம் வயிற்று வலிக்குப் புற்றுமண்ணைத் தின்று, சொறி சிரங்குக்குப் புற்றுமண்ணைப் பூசி வளர்ந்த கூட்டம். ஒரு நிறத்து மண்ணே இத்தனை வேலை செய்தால் ஏழு நிறத்து மண் என்னவெல்லாம் செய்யும் என்று வேலியைத் தாண்டிவிட்டேன். ஒரு பிடி அள்ளி நெற்றியில் பூசினேன், ஒரு சிட்டிகை வாயில் போட்டேன், சப்பென்று இருந்தது, மீதியை வேட்டி மடியில் முடிந்துகொண்டேன். காவல்காரன் விசில் ஊதுகிறான், வெள்ளைக்காரர்கள் மண்ணை விட்டுவிட்டு என்னைப் படம் எடுக்கிறார்கள். தேவன் ஓடி வந்தான். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. போனில் என்னவோ சொன்னான், அந்தப் பெண் சொன்னாள், மாமா, தயவுசெய்து மண்ணைத் திரும்ப வைத்துவிடுங்கள். எனக்கு வந்ததே கோபம். ஏலே, வண்டி ஓட்ட வந்த பய, நீ யாருலே எனக்குச் சொல்லுததுக்கு என்று ஆரம்பித்து, அவன் தலைமுறையை இழுத்து, இந்தத் தாளில் எழுத முடியாததெல்லாம் பேசினேன். முடிக்கிற வரைக்கும் நின்றான். முடித்ததும் போனை மறுபடி அழுத்தினான், அவளும் குரல் மாறாமல், மாமா, தயவுசெய்து என்றாள். மூன்று தடவை. மனுஷன் என்றால் சண்டை போடலாம், அவளிடம் என்ன செய்ய? மடியை அவிழ்த்தேன். அவன் முட்டி போட்டு வேலிக்குள் கையை விட்டு, சிவப்பைச் சிவப்பிலும் ஊதாவை ஊதாவிலும் உதறினான். காவல்காரனிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டான். நெற்றியில் இருந்ததை மட்டும் அவன் கேட்கவில்லை. இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. டால்பூரி என்று அந்த ஊர்ப் பருப்பு ரொட்டி வாங்கித் தந்தான், தின்றேன், பேசவில்லை.

ஏர்போர்ட்டிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வெறும் டிரைவர் என்றால் காவல்காரனிடம் பல்லைக் காட்டிச் சமாளித்து என்னை மண்ணோடு கூட்டி வந்திருப்பான். பெண் கேட்க நினைக்கிறவன் என்றால் இன்னும் இரண்டு பிடி அள்ளித் தந்திருக்க வேண்டும், நானெல்லாம் என் மாமனாருக்கு என்னென்ன திருட்டெல்லாம் செய்து கொடுத்தேன். மனதில் பெண் கேட்கிற எண்ணத்தை வைத்துக்கொண்டே, கேட்கப்போகிற பெண்ணின் அப்பனிடமே மூன்று தடவை மண்ணை வை என்று சொன்னவனை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது.

கடைசியாகத் துறைமுகத்துப் பக்கம் ஒரு படிக்கட்டுக்குக் கூட்டிப் போனான். பதினாறு கல் படி, அவ்வளவுதான். கரும்புத் தோட்டத்துக் கூலிக்குக் கப்பலில் வந்த நம் சனங்கள் இந்தப் படியில் ஏறித்தான் தீவுக்குள் போனார்களாம். அங்கே எனக்கு வாய்க்கொழுப்பு ஒன்றும் வரவில்லை. உங்க ஆளுக எந்த ஊரு என்று அவன் போனைப் பார்த்துக் கேட்டேன். தாத்தாவுக்குத் தாத்தா பேர் பதிவேட்டில் இருக்கிறது, ஊர்ப் பேரை எந்த வெள்ளைக்காரனோ கிறுக்கி வைத்திருக்கிறான், இதுவரை ஒருவராலும் படிக்க முடியவில்லை என்றான். கோவில் படி மாதிரி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

இதை அப்படியே வந்து அத்தையிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. ஏலே, ஊரு தெரியாது, என்ன ஆளுன்னு தெரியாது, பேச்சும் தெரியாது, கப்பல்ல ஏறிப் போனவன் பேரனுக்கா பிள்ளையத் தூக்கிக் குடுக்கச் சொல்லுதே, அம்பாள்ட்ட பூக்கட்டிப் பாப்போம், அவ சொல்லட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வெள்ளிக்கிழமை காலையில் கோமதியம்மன் சன்னதிக்குப் போனோம். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு, எடுப்பதில் வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் கட்டுகிற வேலை என்னுடையது. நீ அங்கே பதில் பார்த்துக் காத்திருக்கிறாய், அம்பாளுக்கு ஆயிரம் வேலை, எதற்கு அவளுக்குச் சிரமம் என்று இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்து வாழை இலையில் கட்டினேன். கற்பூரம் வாங்கப் போன நேரம் அத்தையிடம் பிடிக்கக் கொடுத்தேன். சன்னதியில் வைத்துக் கும்பிட்டு, வரிசையில் நின்ற ஒரு ராயகிரிக்கார அம்மாளிடம் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னோம். பிரித்தால் சிவப்பு. அம்பாளே என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் சும்மா இராமல் மற்றதையும் பிரித்தாள், அதிலும் சிவப்பு. ஏம்மா, ரெண்டுலயும் செவப்ப வச்சுக்கிட்டா சாமிய சோதிக்க வந்திய என்று கேட்டாள். அத்தை பக்தி வந்தவள் மாதிரிக் கீழே விழுந்து கும்பிட்டாள், மடியிலிருந்து நான் கட்டின இரண்டு பொட்டலமும் உருண்டு விழுந்தன. அதையும் அந்த அம்மாளே பிரித்தாள். இரண்டிலும் வெள்ளை. எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல குடும்பம் தாயி என்று சொல்லிப் போய்விட்டாள்.

வெளிப் பிராகாரத்தில் வந்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதாள். தாயில்லாப் பிள்ளைன்னு ஆறு வயசுலருந்து என் இடுப்புல வச்சு வளத்தேன், கடலுக்கு அந்தப் பக்கம் நிரந்தரமா போயிட்டாள்னா நான் செத்தா வந்து சேர முடியுமாலே என்றாள். எழுந்து போய் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, அந்தப் பய நம்ம சோறு திம்பானா என்று கேட்டாள். கரண்டியே இல்லாமல் தின்பான் என்றேன். மீதிச் சோடாவையும் குடித்து முடித்தாள்.

ஆகவே மகளே, அம்பாள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டோம். அதனால் நான் சொல்கிறேன், தேவனைக் கட்டிக்கொள். அவன் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, எப்படிப்பட்டவன் என்று தெரியும். நாளைக்கு அவன் உன்னை அழ வைத்தால் சாமி பூக்கொடுத்தது என்று சொல்லி நான் தப்ப முடியாது. என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நீயும் அவனும் மழையும் வெயிலும் போல ஒரே ஊரில் சண்டை போட்டுக்கொண்டு நூறு வயது இருங்கள். மழையில் நனைந்து டூட்டிக்குப் போகாதே. மறக்காமல் ஒன்று செய்: வருகிற வெள்ளிக்கிழமை அத்தைக்குப் போன் போட்டு, என்னிடம் கேட்ட மாதிரியே, கட்டிக்கிடட்டுமா அத்தை என்று கேள். நான் எழுதினேன் என்று சொல்லாதே. யோசித்துப் பார்த்தேன், அவளிடம் இதுவரை யாரும் கேட்கவே இல்லை.

இப்படிக்கு
தன் கையால் எழுதிய உன் அப்பா
செல்லச்சாமி