தேதி இல்லாத செய்தி

பட்டுக்குட்டி,

நாங்கள் நலம். அப்பா ஜன்னலை மட்டும் திறக்க விடுவதில்லை.

போனில் பேச முடியாததை எழுதி, உன் ஊருக்கு விமானம் ஏறும் எதிர்வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். "உன்னைத்தான் தினமும் டிவியில பாக்குறேனேம்மா, போன் வேற எதுக்கு?" என்பாய். வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பதற்கென்றே அரசாங்கம் நடத்தும் சேனல். உள்ளூரில் ஒருவருக்கும் தெரியாது. பெற்ற மகளுக்காவது என் மூஞ்சி தெரிகிறதே என்று நானும் பூரித்துப்போயிருந்தேன்.

ஆட்சி மாறியதும் கட்சி ஆபீசிலிருந்து நேராக ஒரு புது ஆசிரியர் வந்து உட்கார்ந்தார். என்னோடு செய்தி வாசிப்பவள், நீ சுருட்டைமுடி ஆன்ட்டி என்பாயே, அவள், அவர் எழுதித் தந்த 'நாடெங்கும் அமைதி நிலவுகிறது' என்ற வரியைக் காட்டி, "எந்த ஊர்ல சார் அமைதி நிலவுது?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். மறுநாளிலிருந்து அவளைக் காணோம். வீடு பூட்டிக் கிடக்கிறது.

நேற்று ஸ்டுடியோவை எட்டிப் பார்த்தேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது. வராந்தா டிவியில் அவள் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

இன்று என்னை உட்காரவைத்து வரிசையாகப் பதிவு செய்தார்கள். எல்லாம் தேதி இல்லாத செய்திகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கோட்டு மாட்டிவிட்டார்கள்.

"எதுக்கு சார் இத்தனை?"

"நீங்க லீவு போட்டா உதவும்மா."

நான் லீவு கேட்கவே இல்லை, பட்டு.

இனி டிவியில் நான் தெரிந்தாலும் தினமும் போன் பண்ணு. நான் எடுக்காவிட்டால், அதில் எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் நம்பாதே.

இன்றைக்கு வீட்டில் இருக்கும்,
அம்மா