ஒன்பதாவது டெக்

அப்பச்சி,

கைப்பையைக் கவிழ்த்துத் தட்டியபோது கப்பல் அறையின் சாவி அட்டை விழுந்தது. ‘டெக் 9’ என்று அச்சடித்திருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள்.

போன வருடம் உங்களுக்கும் ஆத்தாவுக்கும் சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் இடம் பிடித்துவிட்டு, பெருமை தாங்காமல் காரைக்குடிக்கு ஓடிவந்தேன்.

“எங்குட்டுப் படுக்கணும்?” என்றீர்கள்.

“ஒம்பதாவது டெக்குல அப்பச்சி.”

“டெக்குலயா? பெத்த மக, என்னைய டெக்குல போடுறியா?”

நான் சிரித்தேன். ஏழு வயதில் பெற்றோருடன் மலாயாவிலிருந்து டெக் பயணியாக, கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்து வந்தவர் நீங்கள். அந்தப் பழைய கோபம் என்று நினைத்துக்கொண்டேன். “இப்ப டெக்குன்னா மாடி அப்பச்சி. பால்கனி வச்ச ரூமு. அலையில ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் இரும்புச் செறகு வச்சிருக்காக. கடத்தண்ணியவே குடிதண்ணியா மாத்துறாக” என்று அளந்தேன்.

நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “அதுல யாராச்சும் செத்துப்போனா என்ன செய்வாக?”

“வாயைக் கழுவுங்க அப்பச்சி!” என்று கத்தினேன். நீங்கள் பாதிச் சோற்றோடு எழுந்து போனீர்கள். கப்பலுக்கும் வரவில்லை. தை பிறப்பதற்குள் போயும் சேர்ந்துவிட்டீர்கள்.

போன மாதம் நானும் உங்கள் மாப்பிள்ளையும் அந்தக் கப்பலில் போனோம். தூத்துக்குடிக்கார என்ஜினியர் ஒருவர் சுற்றிக் காட்டினார். விமானம் வந்து பயணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபிறகு, ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போனதாம். அப்புறம்தான் உல்லாசத்துக்கென்றே கட்டினார்களாம். இதில் டீசல் என்ஜின்கள் மின்சாரம் மட்டும்தான் தயாரிக்கின்றன. அடியில் தொங்கும் மோட்டார்கள் கப்பலைத் தள்ளுகின்றன. அவையே முழுவட்டம் திரும்புவதால் தனிச் சுக்கான் கிடையாது. சுக்கான் இல்லாத கப்பலா என்று வாயைப் பிளந்தேன். பேச்சோடு பேச்சாக உங்கள் கேள்வியையும் கேட்டுவைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “குளிர் அறை ஒண்ணு இருக்கும்மா. பத்திரமா வச்சிருந்து, கரையில சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைச்சிருவோம்.”

ஊருக்கு வந்து இதை ஆத்தாவிடம் சொன்னேன்.

“அப்ப இதெல்லாம் இல்லையேடி. அவுக தங்கச்சி, நாலு வயசுப் புள்ள, கூட வந்துச்சு. டெக்குல காய்ச்சல் கண்டு போயிருச்சு. துணியில சுத்தித் தச்சு, இரும்பைக் கட்டிக் கடல்ல இறக்கிட்டாக. அவுக பாத்துக்கிட்டே நின்னாகளாம்.”

உங்களுக்குத் தங்கையா? வீட்டில் ஒரு படம் இல்லை, ஒரு திதி இல்லை. கல்யாணம், கருமாதி என்று எத்தனை பேர் கூடியிருப்போம், ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லையே! அதிலும் நான் உங்கள் முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறேன். நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

“பேராச்சும் தெரியுமா ஆத்தா?”

ஆத்தா என்னை வினோதமாகப் பார்த்தார். “மூத்த மகளுக்கு அப்பத்தா பேரு வைக்கிறதுதானே நம்ம வழக்கம்? அவுக ஒத்துக்கலையே. வள்ளின்னுதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாக. அது யாரு பேருன்னு நெனச்ச?”

அப்போதிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குச் சட்டென்று திரும்ப வரவில்லை. இத்தனை வருடமும் தெருவுக்கே கேட்கிற மாதிரி நீங்கள் “வள்ளீ” என்று கூப்பிடும்போதெல்லாம், “இங்கினதானே இருக்கேன், எதுக்கு அப்பச்சி இப்படிக் கத்துறீக?” என்றுதான் எரிந்து விழுந்திருக்கிறேன்.