ஜனவரிக்குப் பூஜ்யம்

செல்லூர், மதுரை-2
8.8.2002

என் கணவர் ஹரிஷ்குமார் அவர்களுக்கு,

பத்மாசினி எழுதுவது. இங்கே மாமாவும் நானும் நலம். மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் வாயைக் கட்ட மாட்டேன் என்கிறார். பெங்களூரில் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொன்னார். மெயில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு மூடிவிடுவீர்கள் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

நம் பிரௌசிங் சென்டருக்கு நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன ஜாதகப் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வாரம் கடையில் ஆளில்லாத நேரத்தில் சும்மா என் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். ரோகிணி வர வேண்டும், புனர்பூசம் வந்தது. உங்கள் தேதியைப் போட்டேன், அதுவும் தப்பு. சொந்தத் தேதியைக்கூட ஒரு தடவை போட்டுப் பார்க்காமலா ஊருக்கெல்லாம் ஜாதகம் கணித்தீர்கள்?

பிறகு அந்தப் பக்கத்தின் புரோகிராமைத் திறந்தேன். பூசணம் பூத்த குழம்புச் சட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. பொருத்த மதிப்பெண்களை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டுக் கூட்டியிருக்கிறீர்கள். ஏழும் இரண்டும் ஒன்பதாகாமல் எழுபத்திரண்டு ஆகிறது. பத்துக்கு எழுபத்திரண்டு பொருத்தம் என்று ஒரு குடும்பம் நமக்கே லட்டு கொடுத்துவிட்டுப் போனதே, நீங்களும்தான் தின்றீர்கள். தோஷம் உண்டா இல்லையா என்று ஒப்பிட இரட்டைச் சமக்குறி வேண்டும், நீங்கள் போட்டதோ ஒற்றைச் சமக்குறி, அது ஒப்பிடாமல் இல்லை என்றே எழுதிவிடும். அதனால் யார் வந்தாலும் தோஷமில்லை என்றே அச்சாகியிருக்கிறது.

இதையெல்லாம் விடக் கேவலம் அந்த மாதக் கணக்கு. நாம் ஜனவரியை ஒன்று என்கிறோம். நீங்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு ஜனவரி பூஜ்யம். வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துக் கொடுக்க வேண்டும். நீங்கள் அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். நம்மிடம் வந்த அத்தனை பேரும் ஒரு மாதம் தள்ளிப் பிறந்திருக்கிறார்கள். பிறகு நட்சத்திரம் எங்கே சரியாக இருக்கும்?

எல்லாவற்றையும் அன்று மத்தியானமே திருத்திவிட்டேன். ஆனால் அச்செடுத்துக் கொடுத்த தாள்கள் ஊரெல்லாம் கிடக்கின்றன. அதில் ஒன்று உசிலம்பட்டிப் பக்கத்து அழகுமலையின் மகள் ஜெயக்கொடிக்குக் கொடுத்தது. ஜாதகமே எழுதி வைக்காத, காட்டில் உழைக்கும் சம்சாரிக் குடும்பம். செக்கானூரணி சுருளியின் மகனுக்குப் பேசி முடித்து, பூ வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஜாதகம் கேட்டதால் நம் கடைக்கு வந்தார்கள். ஆகஸ்டில் பிறந்த பெண்ணை நீங்கள் செப்டம்பரில் பிறக்க வைத்தீர்கள். சுவாதி, மூலம் ஆகிவிட்டது. பெண் மூலம் நிர்மூலம், மாமனாருக்கு ஆகாது என்று சுருளி அன்றைக்கே பேச்சை முறித்துக்கொண்டார். தன் உயிர்ப் பயம் அவருக்கு. அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லாரும் மூலக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம், அவள் அழுதபடியே இருக்கிறாளாம், கடைக்கு வந்த அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்.

இதை உங்களிடம் போனில் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். ‘புதுசா எழுதுறவன் எவனும் இந்தத் தப்பைப் பண்ணாம வந்ததில்ல பத்மா, சத்தமில்லாம சரி பண்ணிட்டு விடு, யாருக்குத் தெரியப் போகுது’ என்றீர்கள். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் பெங்களூர் வேலையே கிடைத்தது, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்றீர்கள். போனை வைத்த பிறகு சீ என்றிருந்தது. தப்பு யாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஒரு பெண் அழுகிறாள் என்று சொல்லும்போது எப்படிச் சிரிக்க வருகிறது உங்களுக்கு?

நேற்று ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நானே போனேன். ஜெயக்கொடி முதலில் என் முகத்தையே பார்க்கவில்லை. திருத்திய தாளைக் கையில் கொடுத்ததும், ‘அப்ப எங்க வீட்டுல என்னைய அம்புட்டுப் பேச்சுப் பேசுனாகளே, அதை யாரு திருத்துவாக்கா?’ என்று கேட்டாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது.

அங்கிருந்து சுருளி வீட்டுக்கும் போனேன். அவர் தாளை வாங்கவே இல்லை. ‘கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு நீங்கதானம்மா போர்டு வச்சிருந்தீக. இப்ப தப்புங்கிறீக. பொண்ணு வீட்டுக்காரக சொல்லச் சொன்னாகளோ என்னமோ, யாரு கண்டா? எழுதுன உங்க வீட்டுக்காரரு வாயால சொல்லட்டும், நான் கேட்டுக்கிறேன்’ என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆவணி பிறந்ததும் வேறிடத்தில் பெண் பார்க்கப் போகிறார்கள். அதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

அந்த போர்டைக் கழற்றிவிட்டேன். தாள் வாங்கிப் போனவர்கள் மறுபடி வந்து இலவசமாகத் திருத்தி வாங்கிக்கொள்ளலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு பேர் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். திட்டட்டும். மாமாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உங்கள் அறை போன் நம்பரை சுருளியிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிடுவார். அவரிடம் பூஜ்யக் கணக்கெல்லாம் சொல்ல வேண்டாம். தப்பு என்னுடையது, பெண் மூலமில்லை என்று சொன்னால் போதும்.

ஆவணியில் வந்து என்னை அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். இப்போதைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும்.

மீனாட்சி உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும். மணி அடித்தால் போனை எடுங்கள்.

இப்படிக்கு,
பத்மாசினி